ஏரியும் வாய்க்காலும் சூழ்ந்த சிறு நகரில் வீடு: வாங்குவதற்கு முன்பும் குடியேறிய பின்பும்

வாய்க்காலோரத்து வீட்டுக்குள் தண்ணீர் எப்படியும் வரும். சுவரில் ஓதமாக ஏறும், காற்றில் ஆவியாக நுழையும், சாக்கடைக் குழாயில் எதிர்த்து வரும், என்றாவது ஒருநாள் வாசல்படியைத் தாண்டியும் வரும். வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி இருந்தால் வீடு தலைமுறைகள் நிற்கும். அந்த வழியை அடைத்துவிட்டால் சில ஆண்டுகளிலேயே காரை உதிரத் தொடங்கும், கதவு உப்பும், தரை இறங்கும். கீழே வரும் வேலைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

முதலில் நீர்மட்டம்

ஏரி நகர வாய்க்கால்களுக்கெல்லாம் ஒரே குணம் கிடையாது. ஏரி நீர் வெளியேறும் பாதையாக இருப்பவை ஒரு வகை. பிரான்சில் அன்சி நகரின் பழைய பகுதிக்கு நடுவே ஓடும் தியூ, அந்த ஏரியின் வடிகால்தான்; மதகுகளை வைத்து ஏரி மட்டத்தைப் பிடித்து வைக்கிறார்கள். இந்த வகையில் மட்டம் பெரிதாக ஏறி இறங்காது. ஆனால் மதகைத் திறந்த நாளில் நீரோட்டம் வேகமெடுக்கும். படித்துறையில் கால் வைக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து அன்றுதான். கடலோடு தொடுப்புள்ள காயல் நகரங்களின் வாய்க்கால்கள் இன்னொரு வகை. ஆலப்புழைப் பக்கம் வேம்பநாட்டுக் காயலுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்க, வறண்ட மாதங்களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். அடைத்திருக்கும் காலத்தில் நீர் நகராமல் நிற்கும், ஆகாயத்தாமரை பெருகும். திறந்த பிறகு அலையேற்றமும் உப்பும் வரும். மூன்றாவது வகை நெதர்லாந்தில் உள்ளதுபோல பம்ப் வைத்து இறைத்தே மட்டத்தைக் காப்பது. அங்கே பம்ப் நின்றால் மட்டம் ஏறிவிடும்.

உங்கள் வாய்க்கால் எந்த வகை, மதகு யார் பொறுப்பில் இருக்கிறது, எந்த மாதங்களில் திறப்பார்கள், தூர்வார எப்போது வற்றவிடுவார்கள் என்பதையெல்லாம் வாடகையோ விலையோ பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, வீட்டுத் தரைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை நீங்களே அளக்க வேண்டும். இதற்குக் கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவல் போதும். 15 மீட்டர் நீளத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வாங்கி, நீர் நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். குமிழி இருந்தால் அளவு பல சென்டிமீட்டர் பிசகும். ஒரு முனையை வீட்டு வாசலில் ஒரு குச்சியோடும், மறுமுனையை வாய்க்கால் கரையில் இன்னொரு குச்சியோடும் பிடித்தால் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வாசலில் தரையிலிருந்து அந்த மட்டம் எவ்வளவு உயரம், கரையில் நீர்ப்பரப்பிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்துக் கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும்.

அதன்பின் மூன்று கோடுகள் வேண்டும்: சாதாரண நாள் மட்டம், மழைக்கால மட்டம், ஊரார் நினைவில் இருப்பதிலேயே உயர்ந்த வெள்ள மட்டம். மூன்றாவதைப் பாலத் தூண்களிலும் பழைய சுவர்களிலும் உள்ள கறை சொல்லும், அண்டை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தரை அந்த மூன்றாவது கோட்டுக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. இருப்பது நல்லது. இல்லையென்றால் வீட்டைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் தரைத்தளத்தை நனையக்கூடிய இடமாக ஏற்றுக்கொண்டே வாழவேண்டும். மின்சாரம், பீரோ, புத்தகம் எல்லாவற்றையும் அதற்கேற்ப மேலே ஏற்ற வேண்டும்.

மழையே இல்லாமலும் மட்டம் ஏறும். நீண்ட, ஆழம் குறைந்த ஏரியில் ஒரே திசையில் பலமாகக் காற்று வீசினால் நீர் எதிர்க்கரையில் போய்க் குவியும். காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் ஆடுவதுபோல முன்னும் பின்னும் ஆடும். ஜெனீவா ஏரியில் இந்த ஆட்டத்தை 19-ஆம் நூற்றாண்டில் ஃபொரேல் என்ற சுவிஸ் அறிஞர் அளந்து ஆராய்ந்தார். ஆகவே ஏரியின் நீளவாக்கில் காற்றடிக்கும் பருவத்தில், காற்று போய்ச் சேரும் பக்கத்து முனையில் உள்ள வீடுகள் வானம் வெளுத்திருந்தாலும் கவனமாக இருக்க வேண்டும்.

மட்டம் இறங்குவதும் சில வீடுகளுக்குக் கேடு. வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களின் பழைய கட்டடங்கள் மரக் கழிகளை மண்ணில் அடித்து அவற்றின் மேல் எழுப்பியவை. முழுக்க நீருக்குள் இருக்கும்வரை, காற்று படாததால் மரத்தை மட்கவைக்கும் பூஞ்சை வளர முடியாது. நிலத்தடி நீர் இறங்கி கழியின் தலை வெளியே தெரிந்தால் அங்கிருந்து அழுகல் தொடங்கும். அடித்தளம் மரக்கழி என்று தெரிந்தால் அந்த மனையில் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்காதீர்கள். உடைந்த சாக்கடைக் குழாய்கூட நிலத்தடி நீரை உறிஞ்சி மட்டத்தை இறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீடு பார்க்கப் போகும்போது

மழை விட்ட மறுநாள் போங்கள். கீழ்ச்சுவரில் முழங்காலிலிருந்து இடுப்புவரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ, வரவேற்பறைச் சுவரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தாலோ அதன் பின்னால் ஓதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். அலமாரிக்குள் தலையை நீட்டி முகர்ந்து பாருங்கள். சுவரின் உண்மை வாசனை அங்கேதான் இருக்கும்.

விரிசல்களில் மயிரிழை விரிசல் காரைச் சுருக்கத்தால் வருவது, பயமில்லை. செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக இறங்கும் விரிசல், அதிலும் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பது, வாய்க்கால் பக்கத்துச் சுவர் வெளியே சாய்கிறது என்பதற்கு அறிகுறி. 5 மி.மீ.க்கு மேல் அகலம் என்றால் கட்டடப் பொறியாளரைக் கூட்டி வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். குடியேறிய பிறகு கண்ணில் பட்டால், விரிசலின் இருபுறமும் ஆணியால் புள்ளி வைத்து, இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரு முழு ஆண்டு அளந்தால்தான் பருவத்துக்கு ஏற்ப மூடித் திறக்கும் விரிசலா, நிற்காமல் வளரும் விரிசலா என்று பிரித்தறிய முடியும்.

இன்னொன்று, அளவுநாடாவோடு போங்கள். பாலத்தின் அகலம், சந்தின் திருப்பம், மாடிப்படி வளைவு எல்லாவற்றையும் குறித்து வாருங்கள். வாய்க்கால் நகரங்களில் வீட்டுக்குள் நுழையாத கட்டிலும் பீரோவும் படகில் வந்து சன்னல் வழியாக ஏறுவது வழக்கமான காட்சி. ஆம்புலன்ஸ் எதுவரை வரும், அங்கிருந்து வாசல்வரை எத்தனை நிமிட நடை என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

ஓதம்: அடைத்தால் மேலேறும்

சுவர் ஈரத்தில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்று, உச்சியில் வெள்ளை உப்புக் கோடு போடும். மழைநீர் புகும் ஈரம் எந்த உயரத்திலும் திட்டாக வரும், மழைக்குப் பின் கூடும். காற்றின் ஈரம் குளிர்ந்து படிவது மூலைகளிலும் பீரோவின் பின்னாலும் கரும்பூஞ்சையாகத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் 45 செ.மீ. சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு விளிம்பும் காற்றுப் புகாதபடி சுவரில் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சுவரை உடைத்துச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஓதம் என்று தெரிந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, சிமென்ட் பூச்சு பூசி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது. ஆறு மாதம் சுவர் பளிச்சென்று இருக்கும். ஆனால் கீழே ஆவியாகப் போகமுடியாத நீர் சுவருக்குள்ளேயே மேலேறி, பூச்சு முடியும் இடத்துக்கு மேலே வெளிப்படும். முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு வரும். கூடவே உப்பு படிகமாகும்போது விரிந்து செங்கலின் முகத்தையே பெயர்த்தெடுக்கும். டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான்.

சரியான வரிசை இது. முதலில் வெளியே மண்மட்டத்தைப் பாருங்கள். காலப்போக்கில் தோட்டமண்ணும் நடைபாதையும் உயர்ந்து, அடித்தளத்தில் போட்ட ஈரத்தடுப்புப் படையை மூடியிருக்கும். அந்தப் படைக்குக் கீழே 15 செ.மீ. இருக்கும்படி மண்ணை வெட்டி இறக்குங்கள், சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். ஓதம் என்று சொல்லப்படும் பல இடங்களில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடுவதுண்டு.

தீரவில்லையென்றால், கறைக்கு மேல் 30 முதல் 50 செ.மீ. வரை சிமென்ட் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். இங்கே பொறுமை வேண்டும். செங்கல் சுவர் சுமார் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும், 23 செ.மீ. சுவர் இருபுறமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம் ஆகும். பூத்து வரும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, தாளில் ஏந்தி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு, உப்பில்லாத, சலித்த பருமணல். ஈரத்திலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு இதற்கு ஏற்றது, மூட்டையில் என்.எச்.எல். 3.5 என்று அச்சிட்டிருக்கும். சுவரை நனைத்து, 10 மி.மீ. கனத்தில் முதல் பூச்சு பூசி, ஈரமாக இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். அது இறுகியபின் இரண்டாவது பூச்சு. ஒவ்வொன்றையும் சில நாள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும். மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பு மட்டும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்த வேலை வீண். இந்தப் பூச்சு சில ஆண்டுகளுக்குப் பின் உப்பு ஏறி உதிரும். உதிர்ந்தால் மறுபடி பூசலாம். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கலைக் காப்பதுதான் அதன் வேலை.

துளையிட்டு ரசாயனக் களிம்பு செலுத்தும் முறையும் உண்டு. செங்கல் வரிசையின் இணைப்பில் 12 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளைகள் போட்டு நிரப்புவார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஓதத்துக்கு அது பலன் தரும். வாய்க்கால் நீர் நேரடியாக மோதும் சுவருக்கு, அதாவது துளை வரிசையைவிட வெளியே நீர் உயரமாக நிற்கும் இடத்துக்கு, அது பயன்படாது. விற்பவர் என்ன சொன்னாலும் அங்கே பணம் போடாதீர்கள்.

காற்றின் ஈரம்

ஈரமானி ஒன்று வாங்கித் தரைத்தளத்தில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பெரும்பாலும் வராது. 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் செருப்பிலும் பெல்ட்டிலும் முதலில் தெரியும்.

சன்னலை எப்போது திறப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரம் என்றால், அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீர்த்துளியாகப் படியும். உங்கள் தரை 25 டிகிரியில் குளுகுளுவென்று இருந்தால், காற்றோட்டத்துக்காகத் திறந்த சன்னலே தரையை வியர்க்க வைக்கும். ஆகவே புழுக்கமான நாளில் நண்பகலில் தரைத்தளத்தை மூடி வைத்து, காற்று குளிர்ந்த பின் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து விடுங்கள். குளிர்நாடுகளின் குளிர்காலத்தில் இது நேர்மாறு: வெளிக்காற்றில் நீராவி குறைவு, எப்போது திறந்தாலும் பத்து நிமிடத்தில் அறை உலரும்.

துணியை வீட்டுக்குள் உலர்த்த வேண்டாம். ஒருமுறை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் அறைக்காற்றில் கலக்கும். பீரோவைச் சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து செ.மீ. தள்ளி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினால், பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் எடுத்தது. குளிர்ந்த அறையில் அதில் பாதிகூட வராமல் போகலாம்.

கரைச்சுவர்

வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையே உள்ள தாங்குசுவரை யாரும் கவனிப்பதில்லை, அது சாயும்வரை. ஆச்சரியம் என்னவென்றால், இந்தச் சுவர்கள் வெள்ளம் ஏறும்போது அவ்வளவாக விழுவதில்லை. வெள்ளம் சட்டென்று வடியும்போதுதான் விழுகின்றன. நீர் உயர்ந்திருக்கும்போது இருபுறமும் சம அழுத்தம். மதகைத் திறந்து வாய்க்கால் ஒரே இரவில் இறங்கினால், முன்னால் பிடித்திருந்த நீர் போய்விடும், பின்னால் மண்ணில் ஊறிய நீர் அப்படியே நிற்கும். அத்தனை பாரமும் சுவரைத் தள்ளும்.

அதற்காகத்தான் கசிவுத் துளைகள். ஏறத்தாழ 75 மி.மீ. விட்டத்தில், ஒன்றரை மீட்டர் இடைவெளியில், சாதாரண நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பின்னால் ஜல்லி நிரப்பி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே வடிகட்டும் துணி வைக்க வேண்டும். துணி இல்லையென்றால் மண் ஜல்லிக்குள் இறங்கித் துளை அடைபடும், அல்லது மண்ணே துளைவழி வெளியேறித் தோட்டத்தில் பள்ளம் விழும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் வெள்ளம் வடிந்ததும் ஒருமுறையும் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். துளையிலிருந்து தெளிந்த நீர் வந்தால் நல்லது. கலங்கி வந்தால் பின்னால் மண் அரிக்கிறது.

சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், மண்ணையோ செங்கல்லையோ குவிக்காதீர்கள். பெருமரம் வேண்டாம். சுவர் இல்லாத மண்கரைக்கு வெட்டிவேர் நல்ல காவல். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே, ஏற்ற மண்ணில் மூன்று மீட்டர்வரைகூட இறங்கி மண்ணைத் தைத்துப் பிடிக்கும். கரைக்கு இணையாக, 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு நாற்று என நெருக்கமாக நட்டால் வேலிபோல் மூடும். இடைவெளி விட்டு நட்டால் இரண்டு தூருக்கு நடுவே நீர் ஓடி அங்கேயே அரிக்கும்.

செப்டிக் டேங்க் மிதக்கும்

இதை நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளி அளவு 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள கான்கிரீட் தொட்டி 6.75 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. நிலத்தடி நீர் அதன் மூடிவரை ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை 6.75 டன். சுவர், தரை, மூடி எல்லாம் 10 செ.மீ. கனம் என்றால் தொட்டியின் எடை ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே கழிவுநீர் இருக்கும்வரை அசையாது. மழைக்காலத்தில் லாரி கூப்பிட்டு முழுக்க உறிஞ்சி எடுத்தால், தொட்டி எழும்பிக் குழாய்கள் உடையும். பிளாஸ்டிக் தொட்டிக்குச் சொல்லவே வேண்டாம். எனவே நிலத்தடி நீர் கீழே இருக்கும் வறண்ட மாதங்களில் மட்டும் சுத்தம் செய்து, உடனே தண்ணீர் விட்டு நிரப்புங்கள். புதிதாகப் புதைப்பதானால் தொட்டியைவிட அகலமான கான்கிரீட் படுகை போட்டு அதோடு கட்டுங்கள்; ஓரங்களில் ஏறி நிற்கும் மண்ணின் பாரமும் சேர்ந்து பிடிக்கும்.

சாக்கடை இணைப்பு உள்ள வீட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். வெளியே மட்டம் ஏறும்போது அதன் மடல் மூடிக்கொள்ளும், கழிவு எதிர்த்து வராது. ஒரு துணித்துண்டு சிக்கினால் மூடாது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கழுவுங்கள். மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் கழிவும் வெளியே போகாது. அப்போது துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டினால் அந்த நீர் குளியலறைத் தரையில் வந்து நிற்கும்.

குடிநீரும் வாய்க்கால் நீரும்

கரையோரக் கிணற்றில் வருவது பெரும்பாலும் பக்கவாட்டில் ஊறி வரும் வாய்க்கால் நீர்தான். கழிவு மண்ணில் ஊறி இறங்கும் கழிப்பிடக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீட்டர் தூரம் வேண்டும். வெள்ளத்துக்குப் பின் கிணற்று நீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடியுங்கள். கொதிக்க வைக்க வழியில்லாதபோது, வாசனை சேர்க்காத 5 முதல் 6 சதவீத குளோரின் ப்ளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் வையுங்கள். கலங்கிய நீரை முதலில் துணியில் வடிகட்டி, நான்கு சொட்டு.

நீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் கண்டால் அது நீலப்பச்சைப் பாசி. அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அந்த நாட்களில் குளிக்க வேண்டாம், நாயைக் கரைக்கு விட வேண்டாம். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சல் வாய்க்கால் நகரங்களில் உண்மையான அச்சுறுத்தல். காலில் புண்ணோடு வெள்ளநீரில் இறங்காதீர்கள், பூட்ஸ் போடுங்கள். நீரில் நின்று வேலை செய்த நாலு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமே "வாய்க்கால் தண்ணீரில் நின்றேன்" என்பதாக இருக்கட்டும்.

கொசு, பூச்சி, களை

ஓடும் வாய்க்காலில் கொசு அதிகம் வளராது. களை மண்டிய ஓரத்திலும் உங்கள் பூந்தொட்டித் தட்டிலும் வளரும். வெப்பமான நாளில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருநாள் தேங்கிய நீரையெல்லாம் கொட்டிவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் வலை கட்ட மறக்காதீர்கள். கொசுவைத் தின்னும் என்று கம்பூசியா மீனை ஏரியில் விடுவது தவறு. உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது தின்றுவிடும். வெயில்காலத்து மாலைகளில் விளக்கைச் சுற்றி மேகம்போல் வரும் ஏரிப்பூச்சி கொசுபோல இருந்தாலும் கடிக்காது. வெளிவிளக்கை மஞ்சளாக மாற்றினால் பெருமளவு குறையும்.

ஆகாயத்தாமரை ஏற்ற சூழலில் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிக்கும். படித்துறையில் நாலு செடி இருக்கும்போதே எடுங்கள். பிடுங்கியதைக் கரை விளிம்பில் போட்டால் அடுத்த மழையில் மறுபடி நீருக்குப் போய்விடும். தள்ளிக் கொண்டுபோய் உலர்த்துங்கள்.

மின்சாரம்

தரைத்தளத்து வயர்கள் மேலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். சுவிட்ச், பிளக் எல்லாம் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே. தரைத்தளத்துக்குத் தனிச் சுற்று இருந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டு மாடியில் விளக்கோடு இருக்கலாம். மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் அவசியம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நீர் உள்ளே வந்தபின் ஈரக்காலோடு மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது. படகுத்துறைக்கு மின்சாரம் இழுத்திருந்தால் அதன் அருகே யாரையும் நீந்த விடாதீர்கள். நன்னீரில் கசியும் மின்சாரம் சிறிதளவே என்றாலும் தசையைச் செயலிழக்கச் செய்து மூழ்கடிக்கும்.

தண்ணீர் ஏறும் நாள்

மணல் மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல்வரை மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பினால் உருண்டையாகி இடைவெளி விடும். வாயை அடியில் மடித்து வைத்து, செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அமுக்குங்கள். மூட்டை அடுக்கோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும். வெறும் மூட்டை தண்ணீரைத் தடுக்காது, வடிகட்டித்தான் அனுப்பும்.

வெளியே 60 செ.மீ.க்கு மேல் நீர் ஏறும் என்று தெரிந்தால் தடுப்பதை நிறுத்தி, நீரை உள்ளே விட்டுவிடுங்கள். சொல்லக் கேட்கவே மனம் ஒப்பாது, ஆனால் கணக்கு இப்படி: ஒரு மீட்டர் அகலச் சுவரின் மேல் அரை மீட்டர் நீர் 125 கிலோ அளவு தள்ளும், ஒரு மீட்டர் நீர் 500 கிலோ. உயரம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு. உள்ளேயும் நீர் இருந்தால் இரண்டும் சமமாகிச் சுவர் பிழைக்கும். தரைக்குக் கீழ் அறை இருந்தால் அதை வெள்ளம் வடிந்த கையோடு இறைத்துக் காலி செய்வதும் இதே காரணத்தால் ஆபத்து. நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் இறையுங்கள், மறுநாள் மட்டம் ஏறியிருந்தால் நிறுத்திக் காத்திருங்கள்.

வடிந்ததும் சகதியை ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளுங்கள். காய்ந்தால் கல்லாகிவிடும். மர அலமாரியைப் பலவந்தமாகத் திறக்காதீர்கள். பின்பலகையைக் கழற்றிக் காற்று விட்டால் மரத்தின் உப்பல் மெதுவாகத் தானே இறங்கும்.

பிள்ளைகளும் படகும்

வீட்டுக்கும் நீருக்கும் நடுவே குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி. கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் விடக்கூடாது, குறுக்குக் கம்பி ஏணியாகக் கூடாது, கதவு தானே சாத்திக்கொள்ள வேண்டும், கொண்டி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வேலியருகே நாற்காலியோ பூந்தொட்டியோ வைத்தால் வேலி இருந்தும் இல்லாததுபோல்தான். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. தலை பின்னுக்குச் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், சத்தமே இல்லாமல் நடந்துவிடும். சத்தம் கேட்கவில்லை என்பதால் பத்திரமாக இருக்கிறார்கள் என்று எண்ணாமல், எழுந்துபோய்க் கண்ணால் பாருங்கள். கரைச்சுவர் நேர்ச்சுவராக இருந்தால், நன்றாக நீந்துபவரும் ஏறமுடியாமல் சோர்ந்துவிடுவார். ஆகவே நீருக்குள் ஒரு மீட்டர் இறங்கும் நிலையான ஏணி ஒன்றையும், மிதவை கட்டிய 15 மீட்டர் கயிற்றையும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள். மீட்க வேண்டி வந்தால் முதலில் கழியை நீட்டுங்கள், எட்டாவிட்டால் கயிற்றை வீசுங்கள்.

15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அந்த நேரத்தில் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். கை கால் ஒத்துழைப்பது அதன்பின் ஏறத்தாழ பத்து நிமிடம்தான். உறையும் ஊர்களில் தெளிந்த பனிக்கட்டி 10 செ.மீ. கனம் இருந்தால் நடக்கலாம் என்பது ஏரிக்கான கணக்கு. வாய்க்காலில் பாலத்தடியிலும் மதகருகிலும் ஓட்டம் இருப்பதால் அங்கே பனி எப்போதும் மெலிந்தே இருக்கும்.

படகைக் கட்டும்போது மட்டம் ஏறி இறங்குவதற்குக் கயிற்றில் தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டிய படகு நீர் வடிந்தால் கயிற்றில் தொங்கிக் கவிழும்; நீர் ஏறினால் மூக்கு அமுங்கி உள்ளே தண்ணீர் வாங்கும். கயிற்றைக் கரைக்குச் செங்குத்தாகக் குட்டையாகக் கட்டுவதைவிட, முன்னும் பின்னும் சாய்வாக நீளமாகக் கட்டினால் ஒரே அளவு தளர்வில் அதிக உயரம் தாங்கும். வளையத்துக்குப் பதில் கரையில் செங்குத்தான இரும்புக் கம்பி பதித்து, அதில் மேலும் கீழும் நகரும் வளையம் மாட்டினால் இரவில் எழுந்துபோய்ப் பார்க்கும் வேலையும் இருக்காது.